தரை தொடாத ஷட்டர்கள்

நெடுங்கரை ஊரில் மணிக்கூண்டுத் தெருவின் ஷட்டர்கள் தரையைத் தொடாமல் நின்றுபோனது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு. ஒன்றரைக்குக் கடையைச் சாத்தி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து, நாலு மணிக்குத் திரும்பி வந்து திறப்பது அந்தத் தெருவின் வழக்கம். மண்டையைப் பிளக்கிற அந்த வெயிலில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனைக் கிறுக்கன் என்பார்கள். அன்றைக்கும் கொக்கிக் கம்பியை மாட்டி இழுத்தார்கள், ஷட்டர்களும் கடகடவென்று இறங்கின, இறங்கியவை தரைக்கு அரைச்சாண், ஒரு சாண் மேலே எதன் மீதோ மெத்தென்று முட்டி நின்றன. எல்லாக் கடையும் இல்லை, ஏழே ஏழு கடைகள். குனிந்து பார்த்தால் படிக்கல்லும் வெயிலும்தான் இருந்தன. கையை விட்டுத் துழாவினாலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் கொதிக்கிற கல்லில் அந்த இடம் மட்டும், யாரோ படுத்து நிழல் விழுந்த மாதிரி, குளிர்ந்து கிடந்தது.

ஏழு கடை என்று கேட்டதுமே ஏட்டு ஜெபகனிக்கு எந்த ஏழு என்று தெரிந்துவிட்டது. பத்து நாளைக்கு முன்னால் அந்தத் தெருவிலிருந்து ஏழு பேரைப் போலீஸ் வேனில் ஏற்றியவள் அவள்தான்.

அந்த ஏழு பேருக்கும் வீடு கிடையாது. வீட்டை விட்டு வந்தார்களா, வீடு அவர்களை விட்டுப் போனதா என்று யாரும் கேட்டதில்லை. ஆளுக்கொரு கடைப்படி, வருஷக்கணக்காக அதே படி. மத்தியானத்தில் உடம்பை வெளியே படியிலும் காலை மட்டும் கடைக்குள் மொசைக் தரையிலும் நீட்டிப் படுப்பார்கள், உள்தரை குளிர்ச்சியாக இருக்கும் என்பதால். கடையடைக்கிற நேரம் முதலாளி கொக்கிக் கம்பியோடு வந்து, "காலை மடக்கு" என்பார். அவர்கள் மடக்குவார்கள். ஷட்டர் இறங்கும். அந்தத் தெரு அவர்களிடம் பேசியதெல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான், வருஷக்கணக்காக, நாளுக்கு இரண்டு தடவை.

பிறகு தெருவில் திருட்டு வந்தது. செல்போன் கடையில் நான்கு போன், மருந்துக்கடையில் ஒரு பெட்டி இருமல் மருந்து, பாத்திரக்கடையில் ஒரு ஜோடிக் குத்துவிளக்கு, எல்லாம் ஒரே மாதத்தில். வியாபாரிகள் சங்கம் கூடிற்று. சங்கத் தலைவர், பாத்திரக்கடை தங்கத்துரை அண்ணாச்சி, மனு எழுதிக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். திருடனைப் பிடிப்பது நாளாகிற காரியம், படியில் கிடப்பவனைப் பிடிப்பது அரைமணி நேரக் காரியம். எந்த ஸ்டேஷனானாலும் முதலில் அரைமணி நேரக் காரியத்தைத்தான் முடிப்பார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜெபகனி பட்டியல் எழுதினாள். இருபத்துநாலு வருஷ சர்வீஸில் ஆயிரம் பட்டியல் எழுதியவள். பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று மூன்று கட்டம். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான், வெயில் வேறு. பெயர்க் கட்டத்தில் தெரு எப்படிச் சொல்லுமோ அப்படியே எழுதினாள்: பாத்திரக்கடை, லாலாக்கடை, செல்போன் கடை, மருந்துக்கடை, வளையல் கடை, ஜவுளிக்கடை, செருப்புக்கடை. மற்ற இரண்டு கட்டத்திலும் கோடு போட்டாள். ஒருவரையும் உங்கள் பேர் என்ன என்று கேட்கவில்லை.

ஆதரவற்றோர் காப்பகத்தில் இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். திரும்பிக் கொண்டுவந்தால் இன்ஸ்பெக்டர் கத்துவார். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, நான்குவழிச்சாலைப் பாலத்துக்கு அடியில் வேனை நிறுத்தி, ஆளுக்கொரு தயிர்ச்சாதப் பொட்டலம் கொடுத்து இறக்கிவிட்டார்கள். பாத்திரக்கடை அம்மா கடைசியாக இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, "இங்கன எதுக்குத்தா?" என்று கேட்டாள். ஜெபகனி அவள் முகத்தைப் பார்க்காமல், "இங்கனயே இருங்க. வண்டி வரும்" என்றாள். எந்த வண்டியும் வருவதாக இல்லை.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் ஷட்டர்கள் நின்றன.

முதல் நாள் எண்ணெய் விட்டார்கள். இரண்டாம் நாள் கிரீஸ் அப்பினார்கள். மூன்றாம் நாள் எலுமிச்சம்பழம் அறுத்துச் சூடம் ஏற்றினார்கள், அல்வா விற்கிற லாலாக்கடைக்காரர் கிடாவே நேர்ந்துகொண்டார். ஒவ்வொரு மத்தியானமும் ஒன்றரைக்கு நாலு பேர், ஆறு பேர் சேர்ந்து, ஏலேலோ என்று கம்பியில் தொங்கினார்கள். ஷட்டர் இறங்கவில்லை, தொங்கியவர்கள்தான் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்கள். யாரோ யோசனை சொல்லி, மருந்துக்கடைக்காரர் வெறும் படியைப் பார்த்து, "காலை மடக்கு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். கேட்க ஆள் வேண்டாமா? தகரம் லேசாக அதிர்ந்ததோடு சரி.

யார் கால் என்று தெருவுக்குத் தெரியாமல் இல்லை. லாலாக்கடை ஷட்டர் மட்டும் இரண்டு சாண் உயரத்தில் நின்றது, அந்தப் படியில் படுத்தவருக்கு யானைக்கால். பாத்திரக்கடை அம்மாவுக்குக் கால்மேல் கால் போட்டுப் படுக்கிற வழக்கம், அண்ணாச்சி கடை ஷட்டர் கணக்காக அந்த ஒரு சாண் உயரத்தில் நின்றது. தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதுவும் இரண்டு வாரத்தில் பழகிப்போகும். கடையைப் பூட்ட வழியில்லாமல் வீட்டுக்குப் போக முடியாத முதலாளிகளுக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு வந்தது. கல்லாவுக்குப் பின்னால் தலையணை வந்தது. ரசம் பாத்திரத்தை உருட்டிவிடாமல் ஷட்டர் இடுக்கு வழியாக உள்ளே தள்ளுவதில் பெண்கள் தேர்ச்சி பெற்றார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வந்து வேடிக்கை பார்த்துவிட்டு, வந்ததற்கு ஒரு டம்ளராவது வாங்கிப் போனதில் பாத்திரக்கடையில் வியாபாரம் கூடத்தான் செய்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்; உலைமூடி விற்கிற அண்ணாச்சியாலும் மூட முடியவில்லை. ஒன்று மட்டும் யாருக்கும் பழகவில்லை: ஒன்றரை மணிக்கு, தெரு முழுக்க ஆளரவம் அடங்கின அந்த வெள்ளை வெயிலில், ஷட்டரின் கீழ்க்கம்பிக்கு அடியிலிருந்து ஒரு மூச்சுச் சத்தம் வந்தது. தூங்குகிறவர்களுடைய சீரான மூச்சு. கல்லாவுக்குப் பின்னால் படுத்தவர்கள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் வளையல் கடையில் கூரைத் தகரத்தைப் பிரித்து இறங்கி, பீரோவையே காலி செய்துவிட்டார்கள். திருடன் அந்த வேனில் ஏறியிருக்கவில்லை.

பதினைந்தாம் நாள் செல்போன் கடை ரவிசங்கர் பொறுமை இழந்தான். கோயம்புத்தூர்க் கம்பெனி மெக்கானிக் ஒருவனை வரவழைத்தான். அவன் ஷட்டரின் இரு பக்கமும் இரும்பு நுகம் மாட்டி, திருகு வைத்து, தேங்காய் எண்ணெய்ச் செக்கு ஆட்டுகிற மாதிரி நிதானமாகச் சுற்றினான். ஷட்டர் முனகிற்று. பிறகு நறுக்கென்று ஒரு சத்தம், தெருக்கோடி வரை கேட்டது. ஷட்டர் தரையைத் தொட்டுவிட்டது. ரவிசங்கர் தெரு முழுக்க அல்வா கொடுத்தான். நாலு மணிக்கு ஏற்றினால் பூப்போல ஏறிற்று. மற்ற ஆறு கடைக்கும் வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு என்று சங்கம் அவனைப் பேசி முடித்தது.

அடையாளம் தெரியாத பிணங்களின் போட்டோ எல்லா ஸ்டேஷனுக்கும் போனில் வரும். வந்ததும் தள்ளிவிட்டுப் போவது வழக்கம். அன்று சாயங்காலம் வந்த போட்டோவை ஜெபகனியால் தள்ள முடியவில்லை. கழுத்தில் பச்சை மப்ளர். செல்போன் கடைப் படியில் ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டு கிடந்த கிழவர்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனாள். நான்குவழிச்சாலை டீக்கடை வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாராம், கடிகாரத்தில் ஒன்றே முக்கால் இருக்குமாம், "ஐயோ என் காலு" என்று ஒரே ஒரு கத்தல், அவ்வளவுதான். மேலே ஒரு வண்டியும் மோதவில்லை. ஜெபகனி துணியை விலக்கினாள். இரண்டு கணுக்காலுக்கும் மேலே, நேர்கோடாக, இரண்டு விரல் அகலத்துக்கு எலும்பு நொறுங்கியிருந்தது. கோட்டின் நடுவில், பூட்டு வளையம் பதிகிற இடத்தில், பிறை வடிவத்தில் ஒரு பள்ளம். அந்த ஷட்டரை அவளுக்குத் தெரியும். அந்த வளையத்தை அவளே எத்தனையோ ரோந்தில் ஆட்டிப் பார்த்திருக்கிறாள்.

அவள் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, யூனிஃபார்மோடு அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனாள்.

"அண்ணாச்சி, யாரும் ஷட்டர்ல கை வைக்கப்பிடாது. நீங்க இழுக்கது தகரத்தை இல்ல. செல்போன் கடைப் படியில கெடந்த பெரியவரு காலு நொறுங்கிச் செத்துட்டாரு."

அண்ணாச்சி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் கெட்டவர் இல்லை, கடைக்காரர். "ஏட்டம்மா, சனிக்கிழம எம் மவளுக்குக் கல்யாணம், திருச்செந்தூர்ல. உள்ள எட்டு லட்ச ரூவா சரக்கு கெடக்கு. தொறந்து போட்டுட்டு எப்டித் தாலி எடுத்துக் குடுக்கச் சொல்லுதீய?"

"அந்த அம்மா செத்துப்போவா, அண்ணாச்சி."

அவர் கணக்கு நோட்டை மூடினார். "வெள்ளிக்கெழம ஒண்ணரை வரைக்கும் பொறுக்கேன். அதுக்குள்ள ஆளைக் கொண்டாங்க. கொண்டாந்துட்டீயன்னா மெக்கானிக்கு எதுக்கு?"

ஜெபகனி மூன்று நாள் மெடிக்கல் லீவு போட்டாள். அப்படிப்பட்டவர்கள் எங்கே போய்ச் சேர்வார்கள் என்று ஒரு போலீஸ்காரிக்குத் தெரியாதா? பஸ் ஸ்டாண்டுகள், கோயில் வாசல்கள், தர்கா, மாதா கோயில் கொட்டகை. யானைக்கால்காரரை அன்னதான வரிசையில் பிடித்தாள். செருப்புக்கடைக்காரரை ரயில்வே பிளாட்பாரத்தில். வியாழக்கிழமைக்குள் ஐந்து பேரைக் கண்டுபிடித்து, சொந்தக்காசில் ஆட்டோ வைத்து, ஒவ்வொருவராகத் தெருவில் கொண்டுவந்து இறக்கினாள். ஐந்து பேர் காலிலும் குறுக்கே ஒரு நீலக்கோடு கன்றியிருந்தது. "யாரும் அடிச்சாவளா?" என்று கேட்டால், "இல்ல, மத்தியானமானா தானா விழும் ஒரு அடி" என்றார்கள், தினமும் வருகிற மழையைச் சொல்கிற மாதிரி. அவரவர் படியில் உட்கார்ந்தார்கள். முதலாளிகள், "காலை மடக்குங்க" என்றார்கள். அவர்கள் மடக்கினார்கள். ஷட்டர் தரையைத் தொட்டது. அந்த மத்தியானம் எந்த முதலாளியும் வீட்டுக்குப் போகவில்லை; சாப்பாட்டைப் பிரித்துப் பாதியைப் படியில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

பாத்திரக்கடை அம்மா மட்டும் கிடைக்கவில்லை.

வியாழன் சாயங்காலம் அண்ணாச்சி ஜெபகனியைக் கூப்பிட்டு ஷட்டரைக் காட்டினார். ஒரு சாண் உயரத்தில் நின்றது இப்போது அரைச்சாணில் நின்றது. "நான் தொடல ஏட்டம்மா. சத்தியமா தொடல. தானா எறங்கிட்டு."

அது ஏன் என்று ஜெபகனிக்குப் புரிந்தது. கால்மேல் போட்டிருந்த கால் சரிந்துவிட்டது. அதைத் தூக்கி மேலே போட அந்த அம்மாவுக்கு இப்போது தெம்பில்லை. அண்ணாச்சிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவர் கையிலிருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அந்த இடுக்கில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தார். காலையில் பார்த்தபோது தண்ணீர் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிவரை ஜெபகனி தேடாத இடமில்லை. கடைசியில் ஒரு பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில், வேறு யோசனையே ஓடாமல் உட்கார்ந்திருந்தபோது, அவள் சொன்ன வார்த்தை அவளுக்கே திரும்பக் கேட்டது. இங்கனயே இருங்க. எழுந்து ஓடினாள். மற்ற ஆறு பேரும் போலீஸ் சொன்னதை நம்பாதவர்கள், அதனால் அன்றே கலைந்து போனார்கள். போலீஸ் சொன்னதை ஒருத்தி நம்பியிருப்பாள் என்பது இருபத்துநாலு வருஷ சர்வீஸுக்குத் தோன்றவில்லை.

பாலத்துக்கடியில், மூன்றாவது தூணில் சாய்ந்து, இறக்கிவிட்ட அதே இடத்தில் அவள் இருந்தாள். தயிர்ச்சாதம் கட்டிவந்த வாழையிலைச் சருகு மடித்துப் பக்கத்தில் இருந்தது. லாரிக்காரர்கள் யாரோ போட்ட பன்னும் தண்ணீரும்தான் இத்தனை நாளும். காலை நீட்டியிருந்தாள். இரண்டு காலிலும் அதே கோடு, கருத்து வீங்கியிருந்தது. ஜெபகனியைப் பார்த்ததும் கண் மலர்ந்தது.

"வண்டி வந்துட்டாத்தா?"

ஜெபகனியின் போன் அடித்தது. மணி ஒன்று இருபத்தெட்டு.

"ஏட்டம்மா, கெடைச்சுட்டாளா?" அண்ணாச்சி. பின்னால் இரும்பு உரசுகிற சத்தம். "மெக்கானிக்கு நொகத்தை மாட்டிட்டான். மாப்பிள்ள வீட்டுக்காரவ வேன்ல காத்துக் கெடக்காவ. நான் என்ன செய்யட்டும்?"

"இருக்கா அண்ணாச்சி. உசுரோட இருக்கா. எடுக்கச் சொல்லுங்க, அந்த மிஷினை எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொல்லுங்க அவகிட்ட. எப்பமும் சொல்லுவீயள்லா, அதைச் சொல்லுங்க." அவள் மண்டியிட்டு, போனை அந்த அம்மாவின் காதில் வைத்தாள், ஸ்பீக்கரைப் போட்டு.

அண்ணாச்சி மிஷினை எடுக்கச் சொல்வது போனில் கேட்டது. பிறகு, "ஏட்டம்மா, அவ பேரு என்ன?" என்றார்.

பதினோரு வருஷம் அவர் படியில் படுத்தவள். பட்டியலில் பேர் எழுதியவள் ஜெபகனி. இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஜெபகனி வெட்கத்தோடு கேட்டாள்: "அம்மா, உங்க பேரு என்னம்மா?"

அந்த அம்மா யோசித்தாள். தூரத்தில் எங்கோ வைத்த சாமானைத் தேடி எடுக்கிற மாதிரி யோசித்தாள். "உலகம்மா," என்றாள்.

போனில் அண்ணாச்சி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். "உலகம்மா. நாந்தான், கடைக்காரன். காலைக் கொஞ்சம் மடக்கும்மா."

"இந்தா, இந்தா அண்ணாச்சி, மறந்துட்டேன்," என்று பதறி, நேரமாக்கிவிட்டோமே என்கிற முகத்தோடு, அவள் வீங்கிய காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து மடக்கினாள். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையைத் தொடுகிற சத்தம் போனில் கேட்டது. உலகம்மாளின் தலை தூணில் சாய்ந்தது. கண் மூடிக்கொண்டது.

லாரிகள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. ஜெபகனி பிணங்களைப் பார்த்தவள், ஆனாலும் கையை நீட்டி மூக்கருகே வைக்கப் பயந்தாள். செல்போன் கடை ஷட்டரும் இப்படித்தான் தரையைத் தொட்டது. போனில் அண்ணாச்சி, "ஏட்டம்மா? ஏட்டம்மா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறக்காமலே உலகம்மாள் கேட்டாள்: "இனி நீட்டிக்கிடட்டுமா?"

"நீட்டுங்க," என்றாள் ஜெபகனி. அழுகையில் வார்த்தை குழறிற்று. "நல்லா நீட்டுங்கம்மா."

உலகம்மாள் மெல்லக் காலை நீட்டினாள். அந்தப் பக்கம், தகரம் உயர்கிற சத்தம் வந்தது, யாரும் இழுக்காத நிதானத்தோடு, ஒவ்வொரு மடிப்பாக, மேலே மேலே, உருளையில் முழுக்கச் சுருண்டு முடிகிற வரை. மெக்கானிக் ஏதோ சொல்லி ஓடுவது கேட்டது. கல்யாண வேனின் ஹாரன் இரண்டு தடவை அடித்து நின்றது. பிறகு சத்தமே இல்லாமல் போய், அண்ணாச்சியின் குரல் மட்டும், ரொம்பச் சின்னதாக வந்தது.

"தொறந்துட்டு ஏட்டம்மா. கூட்டியாங்க. நீங்க வார வரைக்கும் நான் இங்கனயே நிக்கேன்."

ஜெபகனி போனைப் பையில் போட்டாள். சாலைக்கு ஏறி, நடு ரோட்டில் நின்று, வந்த முதல் வண்டியைக் கை காட்டி நிறுத்தினாள்.